லெகோ கட்டைகளின் கணினி மாதிரிகள்: எதை முதலில் சரிபார்ப்பது?

லெகோ கட்டையின் மேற்புறத்தில் குமிழ்கள், உட்புறத்தில் குழல்கள் இருக்கும். 1958-இல் டென்மார்க்கில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட அமைப்பு இது. அக்காலக் கட்டை ஒன்றை இன்று கடையில் வாங்கிய கட்டையின் மேல் வைத்தாலும் பொருந்தும். இதே பொருத்தத்தைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன். 1995-இல் அவர் உருவாக்கிய ‘எல்டிரா’ என்னும் அமைப்பில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கோப்பு உண்டு. 1997-இல் இளம் வயதிலேயே அவர் மறைந்தார். அதன்பின் பல நாடுகளின் ஆர்வலர்கள் ஊதியம் எதுவுமின்றி அந்தப் பணியைத் தொடர்ந்து வருகிறார்கள். இன்று அந்தக் கோப்பு நூலகத்தில் பல ஆயிரம் உறுப்புகள் உள்ளன.

யார் வேண்டுமானாலும் ஓர் உறுப்பை உருவாக்கி அனுப்பலாம். ஆனால் வேறு சிலர் பார்த்து ஒப்புதல் வாக்கு அளித்த பிறகே அது அதிகாரபூர்வ நூலகத்தில் சேரும். குறை கண்டவர் ‘நிறுத்திவை’ என்றும் வாக்களிக்கலாம். புதிதாக உருவாக்க ஆர்வம் உள்ளவர்கள் அதிகம். பிறர் உருவாக்கியதைப் பொறுமையாகப் பார்ப்பவர்கள் குறைவு. வரிசை நீளத்தான் செய்யும். குறைந்த நேரத்தில், தவறு நழுவாமல் எப்படிச் சரிபார்ப்பது என்பது இதனால் முக்கியமான கேள்வியாகிறது. கட்டுக் கட்டாக நோட்டுத் திருத்தும் நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

முதலில் கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே திறக்கலாம். ஒவ்வொரு வரியும் ஓர் எண்ணில் தொடங்கும். 0 என்றால் குறிப்பு அல்லது கட்டளை, 1 என்றால் வேறொரு கோப்பை இங்கே கொண்டுவந்து வை, 2 கோட்டுத்துண்டு, 3 முக்கோணம், 4 நாற்கரம். 5 சற்று வேறுபட்டது. உருளை போன்ற வளைபரப்பின் வெளிவிளிம்பு, நாம் பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறுமல்லவா? அதற்காகத் தேவைப்படும்போது மட்டும் தோன்றும் கோடு அது.

அளவுக்குத் தனி அலகு உண்டு. ஓர் அலகு 0.4 மில்லிமீட்டர். அடுத்தடுத்த குமிழ்களின் மையங்களுக்கு இடையே 20 அலகு, அதாவது 8 மி.மீ. கட்டையின் உயரம் 24 அலகு. தட்டையான பலகையின் உயரம் 8 அலகு. மூன்று பலகைகளை அடுக்கினால் ஒரு கட்டை. குமிழின் விட்டம் 12 அலகு, உயரம் 4 அலகு. எல்லாம் முழு எண்களாக வருவதற்காகவே இந்த அலகு என்பது பார்த்தவுடன் புரியும்.

எட்டுக் குமிழ் உள்ள வழக்கமான கட்டையின் எண் 3001. கட்டையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே அச்சிலேயே இந்த எண் இருக்கும். கோப்பின் பெயரும் அதுவே. அதில் குமிழைக் குறிக்கும் ஒரு வரி:

1 16 30 0 10 1 0 0 0 1 0 0 0 1

இதன் முடிவில் குமிழுக்கான கோப்பின் பெயர் வரும். முதல் எண் 1, வேறொரு கோப்பை அழைக்கிறது. 16 என்பது கட்டைக்கு என்ன நிறம் கொடுக்கிறோமோ அதே நிறம் என்று பொருள். அடுத்த மூன்றும் ஆயத்தொலைவுகள். மீதி ஒன்பதும் ஒரு 3×3 அணி. இங்கே அலகு அணி, ஆகவே குமிழ் திரும்பாமல், பெரிதாகாமல் அப்படியே நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பின் ஆயத்தொலை வடிவியலும் பத்தாம் வகுப்பின் அணிகளும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. ஒன்றை மட்டும் மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: இங்கே ஒய் அச்சின் மிகைத் திசை கீழ்நோக்கியது. 3001-இல் மேல்தளம் 0, அடிவிளிம்பு 24, குமிழின் உச்சி −4. பிள்ளைகள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

இனி சரிபார்ப்புக்கு வருவோம். கோப்பின் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே கவனத்தோடு படிப்பது நேர்மையான முறை போலத் தோன்றும். ஆனால் அது நேரத்தை விழுங்கும், கண்ணையும் களைக்க வைக்கும். எந்தத் தவறைப் பிறகு திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்று முதலில் பிரித்துக்கொள்வதே சரியான வழி என்பது என் கருத்து.

ஓர் உறுப்பு நூலகத்தில் சேர்ந்தவுடன் உலகெங்கும் உள்ளவர்கள் அதைத் தங்கள் மாதிரிகளில் பயன்படுத்தத் தொடங்குவார்கள். பின்னாளில் ஒரு முக்கோணத்தைத் திருத்தினால் அந்த மாதிரிகள் எல்லாம் தாமாகவே மேம்படும், யாருக்கும் இழப்பில்லை. ஆதிப்புள்ளியை நகர்த்தினாலோ கதையே வேறு. அந்த உறுப்பு இடம்பெற்ற ஒவ்வொரு வீடும் வண்டியும் பாலமும் ஒரு பக்கம் பெயர்ந்து நிற்கும். உறுப்பு எந்தத் திசையை நோக்கி வைக்கப்பட்டுள்ளது என்பதும் அப்படியே. பெயரை மாற்றினால் இவ்வளவு சேதம் இல்லை. பழைய பெயரில், ‘இது இன்ன எண்ணுக்கு மாறியது’ என்று வழிகாட்டும் கோப்பு ஒன்றை விட்டுவைப்பார்கள். ஆனாலும் அந்த வழிகாட்டிக் கோப்பை நூலகம் தொடர்ந்து சுமக்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் ஐந்து நிமிடம் இதற்கே. எண் சரியா? ஆதிப்புள்ளி, இதே வகையைச் சேர்ந்த மற்ற உறுப்புகளில் உள்ள இடத்திலேயே இருக்கிறதா? திசை ஒத்துப்போகிறதா? இவற்றை எண்களை உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வதைவிட, ஏற்கெனவே நூலகத்தில் உள்ள ஒரு கட்டையோடு திரையில் பொருத்திப் பார்ப்பது எளிது. பொருந்துகிறதா என்பதுதானே இந்தப் பொம்மையின் உயிர்!

அடுத்து, கணினியே கண்டுபிடிக்கக்கூடிய தவறுகள். ஒரே கோட்டில் அமைந்த மூன்று புள்ளிகளை முக்கோணம் என்று எழுதியிருப்பது, ஒரே வரியை இருமுறை எழுதியிருப்பது, நாற்கரத்தின் முனைகளை வரிசை மாற்றி எழுதியதால் அது முறுக்கிக்கொண்டு வண்ணத்துப்பூச்சி போல ஆவது, குழிவு நாற்கரம் போன்றவை. நாற்கரத்தின் நான்கு முனைகளும் ஒரே தளத்தில் இல்லாமல் போவதும் இந்த வகைதான். சமமில்லாத தரையில் முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும், அதே கணக்கு. ஆடும் நாற்கரத்தை இரண்டு முக்கோணங்களாகப் பிரிப்பதே தீர்வு. இவற்றுக்கெல்லாம் சோதனை நிரல்கள் உள்ளன. நிரல் நொடியில் சொல்வதை மனிதர் மணிக்கணக்கில் தேடுவதில் பெருமை ஒன்றுமில்லை.

மனிதக் கண்ணுக்கென்று மீதியாவது கொஞ்சம்தான். ஆனால் அது கடினமானது. ஒவ்வொரு பரப்புக்கும் வெளிப்பக்கம், உள்பக்கம் உண்டு. வெளியிலிருந்து பார்க்கும்போது முனைகள் எதிர்க்கடிகாரத் திசையில் வர வேண்டும் என்பது வழக்கமான ஏற்பாடு. மாறியிருந்தால் அந்தப் பரப்பு திரையில் காணாமல் போகலாம். ‘எல்டிவியூ’ என்ற காட்சி மென்பொருளில், வெளிப்பக்கத்தைப் பச்சையாகவும் உள்பக்கத்தைச் சிவப்பாகவும் காட்டும் வசதி இருக்கிறது. உறுப்பை மெல்லச் சுழற்றி, சிவப்பு எங்கே எட்டிப் பார்க்கிறது என்று கவனித்தால் போதும். நூற்றுக்கணக்கான வரிகளைப் படிக்கும் வேலை ஒரு நிமிடத்தில் முடிகிறது. பரப்புகளுக்கு இடையே இடைவெளி, ஒன்றின் மேல் ஒன்று படிந்து மினுங்கும் பரப்புகள், விடுபட்ட விளிம்புக்கோடு ஆகியவற்றையும் இதே சுழற்சியில் பார்த்துவிடலாம்.

உறுப்பைக் கையில் வைத்து அளந்து ஒப்பிடுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வெர்னியர் அளவியால் 3001-இன் நீளத்தை அளந்தால் ஏறத்தாழ 31.8 மி.மீ. வரும். கோப்பிலோ 80 அலகு, அதாவது 32 மி.மீ. இது தவறல்ல. பக்கத்துக் கட்டையோடு உரசாமல் இருக்க ஆலையில் விடப்படும் இடைவெளியை எல்டிரா கணக்கில் கொள்வதில்லை. இது தெரியாமல் ‘நிறுத்திவை’ என்று வாக்களித்தால், சரியான கோப்பு வரிசையில் வீணாகக் காத்துக் கிடக்கும்.

எந்தக் கோப்பை முதலில் எடுப்பது என்பதிலும் நேரம் மிச்சமாகும். ஓர் உறுப்பு வேறு துணைக் கோப்புகளை அழைத்தால், அவை ஒப்புதல் பெறும்வரை இதுவும் வெளிவராது. எனவே அடியில் உள்ளதிலிருந்து மேலே வர வேண்டும். ஒரே துணைக் கோப்புக்காகப் பத்து உறுப்புகள் காத்திருந்தால், அந்த ஒன்றைப் பார்ப்பதுதான் அன்றைய நல்ல வேலை. பொம்மை மனிதரின் உடற்பகுதி 973 என்ற எண் கொண்டது. சட்டை, சீருடை, கவசம் என அதன் மேல் அச்சிட்ட வடிவங்கள் ஏராளம். உடலின் வடிவம் பெரும்பாலும் ஏற்கெனவே சரிபார்த்த துணைக் கோப்பிலிருந்தே வருவதால், புதிதாக வந்திருக்கும் படத்தை மட்டும் பார்த்தால் போதும்.

கடைசியாகக் குறிப்பு எழுதுதல். ‘சரியில்லை, மீண்டும் பார்க்கவும்’ என்று எழுதுவது, நோட்டில் காரணம் சொல்லாமல் பெருக்கல் குறி போடுவது போன்றதே. எந்த வரி, எந்தப் பக்கம், என்னவாக இருக்க வேண்டும் என்று எழுதினால் உருவாக்கியவர் அன்றே திருத்தி அனுப்பிவிடுவார். கண்ட குறைகள் அனைத்தையும் ஒரே தடவையில் எழுதுவது இன்னும் முக்கியம். இன்று ஒன்று, திருத்தி வந்தபின் இன்னொன்று என்று சொட்டுச் சொட்டாகச் சொன்னால் ஆர்வத்தோடு வந்தவர் அலுத்துப் போய்விடுவார். ‘இது அவசியம் திருத்த வேண்டியது, இது என் விருப்பம் மட்டும்’ என்று பிரித்துச் சொல்வதும் நல்லது. விருப்பத்துக்காக ஒரு கோப்பை நிறுத்தி வைக்கலாகாது.

வகுப்பில் முயல விரும்பும் கணித ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் 3001 கோப்பின் இரண்டு படிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படியில் மேலே காட்டிய வரியின் 30-ஐ 29 ஆக்குங்கள், குமிழ் 0.4 மி.மீ. மட்டும் நகரும். எது தவறான கோப்பு என்று மட்டும் கேளுங்கள். முதலில் திரையில் உற்றுப் பார்ப்பார்கள், எளிதில் தெரியாது. பிறகு எண்களைப் படிப்பார்கள். எட்டுக் குமிழ்களின் ஆயத்தொலைவுகளையும் தாளில் எழுதி, ஒரு பக்கம் 30 என்றால் எதிர்ப்பக்கம் −30 இருக்க வேண்டுமே என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும்வரை பொறுத்திருங்கள்.