ஸ்டீவ் வாஸ்னியாக்

ஸ்டீவ் வாஸ்னியாக் (பிறப்பு: ஆகஸ்ட் 11, 1950) அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ஆவார். 1976 இல் ஸ்டீவ் ஜாப்ஸ், ரொனால்ட் வெயின் ஆகியோருடன் சேர்ந்து ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆப்பிள் I, ஆப்பிள் II ஆகிய கணினிகளை வடிவமைத்தவர் இவரே. கணினி வடிவமைப்பை எந்த வகுப்பிலும் பயிலாமல், பள்ளி நாட்களிலேயே கையேடுகளைப் படித்துத் தாமாகக் கற்றுக்கொண்டவர்.

இளமை

வாஸ்னியாக் கலிபோர்னியா மாநிலத்தின் சான் ஹோசே நகரில் பிறந்தார். தந்தை லாக்கீட் நிறுவனத்தில் பொறியாளர். மகனின் கேள்விகளுக்கு அவர் அணுவிலும் எதிர்மின்னியிலும் தொடங்கிப் படிப்படியாக விளக்கம் அளித்தார். எட்டாம் வகுப்பில் வாஸ்னியாக், பத்து இரும இலக்கங்கள் கொண்ட எண்களைக் கூட்டவும் கழிக்கவும் வல்ல கருவி ஒன்றை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அமைத்து, அறிவியல் கண்காட்சியில் பரிசு பெற்றார்.

இவர் பயின்ற ஹோம்ஸ்டெட் உயர்நிலைப் பள்ளியில் அப்போது கணினி இல்லை. மின்னணுவியல் ஆசிரியர் ஜான் மெக்கல்லம், வாரம் ஒருமுறை சில்வேனியா நிறுவனத்திற்குச் சென்று கணினியில் நிரல் எழுத இவருக்கு ஏற்பாடு செய்தார். அங்கு ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய முதல் நிரல்களுள் ஒன்று, சதுரங்கப் பலகையின் எல்லாக் கட்டங்களிலும் குதிரை ஒவ்வொரு முறை மட்டுமே நிற்குமாறு வழி காண்பது. நிரல் ஓடிக்கொண்டே இருந்தது, விடை வரவில்லை. கணக்கிட்டுப் பார்த்தபோது, அந்த முறையில் விடை கிடைக்க அண்டத்தின் வயதினும் கூடுதலான காலம் வேண்டும் எனத் தெரிந்தது. கணினியின் வேகம் மட்டும் போதாது, தேடும் வழியும் சரியாக அமைய வேண்டும் என்பதை இவர் பாடநூலிலிருந்து கற்கவில்லை.

தாளில் வரைந்த கணினிகள்

இக்காலத்தில் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி-8 என்ற சிறுகணினியின் கையேடு இவருக்குக் கிடைத்தது. அதில் கணினியின் கட்டளைகள், பதிவகங்கள், நினைவகம் ஆகியவை விளக்கப்பட்டிருந்தன. இந்தக் கட்டளைகளை நிறைவேற்றும் மின்சுற்றை எவ்வாறு அமைப்பது என்பதை, தம்மிடம் இருந்த சில்லுகளின் கையேடுகளைப் பார்த்துத் தாமே வரைந்து கண்டறிந்தார். பின்னர் வேறு நிறுவனங்களின் கணினிகளையும் இவ்வாறே வரைந்தார். ஸ்டான்போர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தின் நூலகமும் இவருக்குப் பயன்பட்டது.

இவற்றில் ஒன்றைக்கூட இவரால் உருவாக்கிப் பார்க்க இயலவில்லை. சில்லுகளை வாங்கப் பணம் இல்லை. எனவே புதிய சில்லுகள் சந்தைக்கு வரும்போதெல்லாம், முன்பு வரைந்த அதே கணினியை முன்னதைவிடக் குறைந்த சில்லுகளில் மீண்டும் வரைவதையே தமக்குத் தாமே நடத்திய போட்டியாகக் கொண்டார். இதைச் சிறுவனின் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட முடியாது. ஒரு சில்லு குறைந்தால் விலையுடன் மின்சாரமும் வெப்பமும் பற்றவைக்கும் இணைப்புகளும் குறைகின்றன. பழுது ஏற்படும் இடங்களும் குறைகின்றன. டேட்டா ஜெனரல் நிறுவனத்தின் நோவா கணினியை வரைந்தபோது, பிற சிறுகணினிகளுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழப் பாதிச் சில்லுகளே போதுமாக இருந்தன. நோவாவின் கட்டமைப்பு அக்காலச் சில்லுகளின் இயல்பை ஒட்டி அமைந்திருந்ததே காரணம். கையில் உள்ள உறுப்புகளுக்கு ஏற்பக் கணினியின் கட்டமைப்பையே வகுக்கலாம் என்ற கருத்து இவரிடம் அப்போது வேரூன்றியது.

1971 இல் நண்பர் பில் பெர்னாண்டசுடன் சேர்ந்து முதன்முறையாக உண்மையான கணினி ஒன்றைக் கட்டினார். அன்பளிப்பாகக் கிடைத்த சுமார் 20 சில்லுகளால் ஆன அதற்கு, வேலையின்போது இருவரும் குடித்த குளிர்பானத்தின் பெயரால் கிரீம் சோடா எனப் பெயரிட்டனர். அதைக் காண வந்த செய்தியாளர் மின்கம்பியை மிதித்துவிட, கணினி புகைந்து பழுதானது.

ஆப்பிள் கணினிகள்

கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திய வாஸ்னியாக், 1973 இல் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தில் கணிப்பான்களை வடிவமைக்கும் பணியில் சேர்ந்தார். 1975 மார்ச் மாதம் மென்லோ பார்க் நகரில் ஒரு வீட்டின் வாகனக் கொட்டகையில் நடந்த ஹோம்புரூ கணினிக் கழகத்தின் முதல் கூட்டத்திற்குச் சென்றபோது, நுண்செயலி ஒன்றின் விவரத்தாள் இவருக்குக் கிடைத்தது. தாம் பள்ளி நாட்களில் தாளில் வரைந்த சிறுகணினிகளின் மையப் பகுதியே ஒரு சில்லாக வந்துவிட்டதை அதைப் படித்துணர்ந்தார். அதே ஆண்டில் 6502 என்ற நுண்செயலி 25 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதைக் கொண்டு, விசைப்பலகையில் தட்டச்சு செய்து தொலைக்காட்சித் திரையில் காணக்கூடிய கணினியை உருவாக்கினார். இதுவே ஆப்பிள் I. இதன் சுற்று வரைபடங்களைக் கழக உறுப்பினர்களுக்கு இலவசமாக வழங்கினார்.

அதற்கான பேசிக் மொழிபெயர்ப்பியையும் இவரே எழுதினார். மொழிபெயர்ப்பி எழுதுவது பற்றி எந்த வகுப்பிலும் படித்ததில்லை. சேர்ப்பி மென்பொருள் இல்லாததால் நிரலைத் தாளில் எழுதி, ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய இயந்திரக் குறிமுறையைக் கையாலேயே எழுதிக்கொண்டார்.

1977 இல் வெளிவந்த ஆப்பிள் II கணினியில், தாளில் பெற்ற பயிற்சியின் முழுப் பயனும் தெரிகிறது. அதன் இயங்கு நினைவகம் தரவை இழக்காதிருக்க அடிக்கடி புதுப்பிக்கப்பட வேண்டும். திரையில் படம் காட்டுவதற்காகவும் நினைவகத்தை இடைவிடாது படிக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒரே செயலாக ஆக்கியதால், புதுப்பிப்பதற்கெனத் தனிச் சுற்று தேவைப்படவில்லை. 1978 இன் டிஸ்க் II வட்டு இயக்கி இன்னும் வியப்பானது. வட்டு இயக்கிகளில் முன் அனுபவமே இல்லாத வாஸ்னியாக், அதற்கான கட்டுப்பாட்டு அட்டையை எட்டுச் சில்லுகளில் முடித்தார். வழக்கமாக வன்பொருள் செய்யும் வேலையின் பெரும்பகுதியை அதில் மென்பொருள் செய்தது.

இந்தச் சிக்கனத்திற்கு விலையும் உண்டு. ஆப்பிள் II இன் திரையில் அடுத்தடுத்து உள்ள வரிகள், நினைவகத்தில் அடுத்தடுத்து இருப்பதில்லை. சில்லுகளை மிச்சப்படுத்தச் செய்த இந்த ஏற்பாட்டால், படம் வரையும் நிரலாளர்கள் ஒவ்வொரு வரியின் முகவரியையும் தனியே கணக்கிடவோ அட்டவணையில் தேடவோ வேண்டியிருந்தது. இவருடைய பேசிக் முழு எண்களை மட்டுமே கையாண்டது. பதின்ம எண்களைக் கையாளும் பேசிக்கை ஆப்பிள் நிறுவனம் மைக்ரோசாப்டிடமிருந்து உரிமம் பெற்றது.

பட்டப்படிப்பு

1981 பிப்ரவரியில் விமான விபத்தில் காயமுற்ற பின்னர், பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் சேர்ந்தார். பிறர் அடையாளம் காணாதிருக்க ராக்கி ரக்கூன் கிளார்க் என்ற பெயரில் பயின்று, 1986 இல் மின் பொறியியல், கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றார்.