கண்ணாடி மாட்டிக்கிட்டு காய் நறுக்க முடியுமா?

இந்தியாவின் முதல் 'த்ரீ-டி' படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984ல் மலையாளத்தில் வந்தது. தியேட்டரில் கண்ணாடி போட்டுப் பார்த்த அந்த அதிசயத்தை வீட்டுக்கே கொண்டு வருகிறோம் என்று, 2010ல் 'த்ரீ-டி' டி.வி.க்களை விற்க ஆரம்பித்தார்கள். 2016ல் சாம்சங்கும், 2017ல் எல்.ஜி.யும், சோனியும் புது மாடல்களில் அதைக் கைவிட்டு விட்டன.

காரணம் நமக்குத் தெரியாததா, தோழியரே? தியேட்டரில் அசையாமல் உட்காருவோம். வீட்டில் டி.வி. பார்ப்பதே காய் நறுக்கிக்கிட்டு, துணி மடிச்சுக்கிட்டுத்தானே! கண்ணாடியைக் கழற்றினால் படம் ரெண்டு ரெண்டாகத் தெரியும். ஆளுக்கொரு கண்ணாடி வேறு வேணும். விருந்தாளி வந்தால் யாருடையதைக் கொடுப்பது?

ஆனால், தியேட்டரில் 'த்ரீ-டி' பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால்தான் உருவம் முன்னால் வருவது போலத் தெரியும். எல்லோரும் கைநீட்டிப் பிடிக்கப் போகையில், உங்கள் பிள்ளை மட்டும், "எனக்கு ஒண்ணும் கிட்ட வரலையே" என்றால் அதட்டாதீங்க; கண் டாக்டரிடம் காட்டுங்க. ஒரு கண்ணில் பார்வை மந்தமாக இருக்கலாம். சின்ன வயசிலேயே கண்டுபிடிச்சா சரி செய்வது சுலபம்.

- ஒரு வாசகி, பொன்னமராவதி.