கிளச்சில் ஒரு சிறு வால்வு: கழற்றினால் தேய்மானம் குறையுமா?

1998-ஆம் ஆண்டு வெளிவந்து, கையால் கியர் மாற்றி ஓட்டுவதில் இன்பம் காண்போரிடையே இன்றளவும் மதிப்புக் குன்றாத பி.எம்.டபிள்யூ. 3 வரிசை மானுவல் காரின் அடியில், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குச் செல்லும் ஆயில் குழாயின் கடைக்கோடியில், சிறியதோர் உலோக உருளை பொருத்தப்பட்டிருக்கிறது. கிளச்சுத் தாமத வால்வு என்பது அது. அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் அந்தக் காரை ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. அறிந்தவர்களில் சிலரோ, வண்டி கைக்கு வந்ததும் முதற் காரியமாக அதைக் கழற்றி வீசிவிட்டு, கிளச்சு பிளேட்டின் ஆயுளே இதனால் நீண்டுவிட்டது என்று சாதிக்கிறார்கள். பிளேட்டைத் தேய்க்க வேண்டும் என்றா எஞ்சினீயர்கள் காசு செலவழித்து அதை வைத்தார்கள் என்று எதிர்க்கட்சியார் கேட்கிறார்கள். இரு கட்சியாரும் ஓரளவு உண்மையே பேசுகிறார்கள். ஆனால் தேய்மானம் எந்த இடத்தில், எவ்வளவு பிறக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாதத்தைத் தொடங்கியிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எஞ்சினோடு சேர்ந்து ஓயாது சுழல்வது ஃப்ளைவீல். அதற்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே, கியர்பாக்ஸின் தண்டோடு இணைந்த கிளச்சு பிளேட்டு ஸ்பிரிங்கின் பலத்தால் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடியைத் தளர்த்துகிறது. விட்டால் பிடி மீள்கிறது. முழுப் பிடியில் எல்லாம் ஒரே வேகத்தில் சுழல்வதால் உராய்வுக்கு அங்கே இடமில்லை. முற்றும் விடுபட்ட நிலையிலும் இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, நம் டிரைவர்கள் ஹாஃப் கிளச் என்று சொல்லும் அந்தச் சிறு அவகாசத்தில்தான், வெவ்வேறு வேகத்தில் சுழலும் பரப்புகள் ஒன்றையொன்று தேய்த்து, எஞ்சினின் சக்தியில் ஒரு பகுதியை உஷ்ணமாக்கி விரயம் செய்கின்றன. லைனிங்கில் ரிவெட் தலைக்கு மேல் தேய்வதற்கென்று இருக்கும் கனம் பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே. ஒருவர் கையில் அது லட்சம் கிலோமீட்டர் தாங்குவதும், இன்னொருவர் கையில் அதில் கால்வாசித் தூரத்திலேயே தீர்ந்துபோவதும் இந்த உஷ்ணத்தைப் பொறுத்தவை.

எவ்வளவு உஷ்ணம்? 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார், முதற் கியரில் எஞ்சின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுழலும்போது மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். சமதரையில் எஞ்சினை அந்தச் சுற்றிலேயே வைத்து, கிளச்சை ஒரே சீராக விட்டு வண்டியைக் கிளப்பினால், வண்டி பெறும் இயக்க சக்தி எவ்வளவோ அவ்வளவே, அதாவது சுமார் 8,300 ஜூல், கிளச்சில் உஷ்ணமாகிறது. அதே காரை 3,000 சுற்றுக்கு உறுமவிட்டுக் கிளப்புகிறவர் சுற்றைத்தான் இரு மடங்காக்கினார். உஷ்ணமோ நான்கு மடங்காகி 33,000 ஜூலை எட்டிவிடுகிறது. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், பிரேக்கைத் தொடாமல், 1,000 சுற்றில் ஹாஃப் கிளச்சிலேயே வண்டியைப் பத்து விநாடி நிறுத்திவைக்கிறவர், ஓர் அடிகூட முன்னேறாமல், ஏறத்தாழ அதே 33,000 ஜூலைச் செலவிட்டுவிடுகிறார். மலைப்பாதை நெரிசலில் மூக்கைத் துளைக்கும் கருகல் நாற்றத்துக்கு மூலகாரணம் இது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு வால்வுக்கு வருவோம். பெடலிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தாலும், ஸ்லேவ் சிலிண்டரிலிருந்து திரும்பும் ஆயிலை ஒரு குறுகிய துவாரத்தின் வழியே நிதானப்படுத்தி, கிளச்சின் பிடி ஒரு க்ஷணம் பிந்தியே முழுமையடையும்படி அது செய்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. வேகமாகச் சுழலும் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் சக்தி, கிளச்சு ஒரேயடியாகப் பிடிக்கும்போது, எஞ்சினின் சாதாரண முறுக்குவிசையை விஞ்சிய ஓர் அடியாகக் கியர்பாக்ஸிலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் டிஃபரன்ஷியலிலும் பாயக்கூடியது. அந்த அடியை மழுக்குவதே வால்வின் உத்தியோகம். பிளேட்டை ரட்சிக்கும் பொறுப்பை யாரும் அதற்கு ஒப்படைக்கவில்லை.

வால்வு அனுமதிக்கும் வேகத்தைவிட மெதுவாகப் பெடலை விடுகிறவருக்கு அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கிளப்பும்போது நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் விடுகிறோம். ஆகவே பிளேட்டை மிகுதியும் தின்னும் அந்தக் காரியத்தில் வால்வின் பங்கு சொற்பம். அது குறுக்கிடுவது, ஓட்டத்தில் இரண்டாவது, மூன்றாவது கியருக்கு விரைந்து மாற்றும்போது. கால் பெடலை விட்டாயிற்று, கிளச்சு பிடித்திருக்கும் என்று நம்பி டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். பிடி இன்னும் பூர்த்தியாகாமையால் எஞ்சின் முந்திக்கொண்டு உறும, பிளேட்டு வழுக்குகிறது. 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில், சராசரியாக 500 சுற்று வேக வித்தியாசத்தோடு, 0.3 விநாடி வழுக்கினால் விரயம் 3,000 ஜூலுக்குச் சற்று மேல். நிதானமாகக் கிளப்பும் ஒரு தடவையோடு ஒப்பிட்டால் இது பாதிக்கும் குறைவு. ஆயினும் கியர் மாற்றுவது கிளப்புவதைவிட அதிகம் நிகழும் காரியமாதலால், அவசரக்காரரின் காரில் இது மெல்லச் சேர்ந்துகொண்டே போகும்.

ஆகையால் வால்வைக் கழற்றியவர் சொல்லும் அனுகூலம் பொய்யன்று. எஞ்சின் வேகத்தையும் கியரின் வேகத்தையும் காலாலேயே இசைவிக்கத் தெரிந்தவருக்கு, பெடல் சொன்னபடி கிளச்சு நடப்பது லாபமே. இசைவிக்கத் தெரியாமல் பெடலைத் துள்ளவிடுகிறவருக்கும் பிளேட்டு முன்னைவிடக் குறைவாகவே தேயலாம். ஆனால் அவர் மிச்சப்படுத்திய தேய்மானத்துக்கு ஈடாக, எஞ்சின் மௌண்டுகளின் ரப்பரும், ஷாஃப்டின் ரப்பர் இணைப்பும், டிஃபரன்ஷியலின் பற்களும் அடி வாங்கும்.

வால்வைக் கழற்றியதோடு திருப்தி அடையாதவர்களின் கதை இன்னும் கடுமை. மின் இணைப்பில் ஃபியூஸ் கம்பியைத் தடிமனாக்குவதுபோல, பலத்த ஸ்பிரிங் கொண்ட பிரஷர் பிளேட்டைப் போட்டுக்கொள்கிறார்கள்; முன்பு அளவு மீறிய விசை வந்தால் சற்று வழுக்கி விட்டுக்கொடுத்த கிளச்சு, இப்போது வழுக்காமல் அந்த விசையைக் கியர்பாக்ஸின் தலையில் கட்டுகிறது. பெடலும் கனக்கிறது, சிக்னலில் அதை மிதித்தபடியே நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் ரிலீஸ் பேரிங் மட்டுமின்றி, கிராங்க் ஷாஃப்டின் திரஸ்ட் பேரிங்கும் கூடுதல் பாரம் சுமக்கிறது. பிளேட்டை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கினால் போதும்; திரஸ்ட் பேரிங் போனாலோ எஞ்சினையே பிரிக்க நேரும். செராமிக் லைனிங் உஷ்ணத்தைத் தாங்குவது மெய்யானாலும், இதமாக வழுக்கிப் பிடிக்கும் குணம் அதற்குக் குறைவு. பந்தயத் திடலில் கீர்த்தி பெற்ற அந்தப் பிளேட்டு கடைத்தெருவில் வண்டியைக் குலுக்கி, ஃப்ளைவீலின் முகத்தையும் சுரண்டிவிடும். எடை குறைந்த ஃப்ளைவீல் கியர் மாற்றத்தைச் சுறுசுறுப்பாக்கும். ஆனால் உஷ்ணத்தை உள்வாங்கிக்கொள்ளும் இரும்பு குறைந்துவிட்டபடியாலும், எஞ்சின் நின்றுவிடுமோ என்ற பயத்தில் டிரைவர் சுற்றைக் கூட்டிக் கிளப்புவதாலும், மேலே சொன்ன நான்கு மடங்குக் கணக்கில் போய் முடியும். லூக் நிறுவனம் 1985-இல் அறிமுகம் செய்த இரட்டை ஃப்ளைவீலை நீக்கிவிட்டு ஒற்றை ஃப்ளைவீலைப் பொருத்துவோருக்குக் கியர்பாக்ஸின் கடகடச் சத்தமும் உபரியாகக் கிட்டும்.

எஞ்சினின் முறுக்குவிசையையே உயர்த்தியவருக்குத்தான் பலத்த கிளச்சு தேவை. மற்றவர் பணத்தை வீணாக்க வேண்டாம். வால்வைக் கழற்றியே தீருவது என்று நிச்சயித்தவர், அந்தக் காரில் கிளச்சும் பிரேக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து ஆயில் பெறுகின்றன என்பதை மறவாமல், வேலை முடிந்ததும் குழாயில் புகுந்த காற்றை முற்றும் எடுக்கச் செய்யவேண்டும். காற்று தங்கினால் பிடி முழுமையாக விடுபடாமல் கியர் விழும்போதெல்லாம் கரகரக்கும். கழற்றிய வால்வையும் பத்திரப்படுத்துவது நலம். நம் ஊரில் கேபிளால் இயங்கும் கிளச்சுள்ள சிறு காரை ஓட்டுபவருக்கோ, கழற்றுவதற்கு இப்படி ஒரு வால்வே கிடையாது: பெடலின் ஃப்ரீ பிளேயை அவ்வப்போது பார்த்துவைத்து, சிக்னலில் நியூட்ரலுக்குத் தள்ளி, ஏற்றத்தில் ஹாண்ட் பிரேக்கைப் பிடித்துக் கிளப்பினால் போதும், பிளேட்டின் ஆயுளுக்காக அந்தக் காரில் வேறெந்த மாற்றமும் வேண்டியதில்லை.