மீண்டும் கல்லூரிக்கு, இம்முறை கேள்வியோடு

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2021-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றபோது மான்ஃபிரெட் ஸ்டைனருக்கு வயது 89. பத்திரிகைகள் அந்த எண்ணைத் தலைப்பில் போட்டு வியந்தன. செய்தியை முழுக்கப் படித்தவர்களுக்கு இன்னொரு விவரமும் கிடைத்தது. ஸ்டைனர் அதே பல்கலைக்கழகத்தில் ரத்தவியல் பேராசிரியராக இருந்தவர். 1955-இல் வியன்னாவில் மருத்துவப் பட்டமும், பின்னர் எம்.ஐ.டி.யில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டமும் வாங்கியவர். ஆய்வு என்பது அவருக்குப் புதிதே அல்ல.

ஆனாலும், ஓய்வுபெற்ற பிறகு இளவயது ஆசையான இயற்பியலுக்கு வந்தவர், இளநிலை மாணவர்களுக்கான வகுப்புகளிலிருந்துதான் தொடங்கினார். முனைவர் பட்ட ஆய்வில் சேரும் தகுதியை எட்டவே பல ஆண்டுகள் பிடித்தன. அதன் பிறகுதான் உலோகங்களில் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்ற தம்முடைய ஆய்வுப் பொருளுக்குள் நுழைந்தார்.

நடுவயதில் கல்லூரிக்குத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஞாபகசக்தியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அதைவிடக் கடினமான ஒன்று உண்டு. அலுவலகத்தில் பத்துப் பேருக்கு வழிகாட்டியவர், வகுப்பறையில் கத்துக்குட்டியாக உட்கார வேண்டும். தமக்கு அனுபவத்தில் தெரிந்ததை, “இதற்கு ஆதாரம் என்ன?” என்று தம்மைவிட இளையவரான நெறியாளர் கேட்கும்போது முகம் சுளிக்காமல் பதில் தேட வேண்டும். படிப்பாளி ஆய்வாளராக மாறுவது அந்தத் தேடலில்தான்.

குவீன் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே அந்தத் தேடலைப் பாதியில் விட்டுப் போனவர். 1970-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானியல் ஆய்வைத் தொடங்கினார். கோள்களுக்கு இடையே மிதக்கும் நுண்தூசி சூரிய ஒளியைச் சிதறடிப்பதால், இருண்ட இடங்களில் அந்தி மறைந்த பின்னும் விடியலுக்கு முன்னும் வானில் மங்கலான ஒளி தெரியும். அந்த ஒளியின் நிறமாலைக் கோடுகள் எவ்வளவு இடம்பெயர்ந்திருக்கின்றன என்று அளந்தால், தூசி எந்த வேகத்தில் நகர்கிறது என்று கணக்கிடலாம். இதற்காக டெனரீஃப் தீவில் அவர் அவதானிப்புகள் செய்தார். இதற்கிடையே குவீன் புகழ்பெற்றுவிட, ஆய்வேடு பரணுக்குப் போனது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே கல்லூரிக்குத் திரும்பி, 2007-இல், அறுபது வயதில் ஆய்வேட்டை முடித்தார். பழைய குறிப்புகளைத் தட்டச்சு செய்து கொடுத்தால் போதும் என்ற நிலை இல்லை. இடைப்பட்ட காலத்தில் அந்தத் துறையில் வெளிவந்தவற்றைப் படித்து, தம் அளவீடுகள் இன்றைக்கு எங்கே நிற்கின்றன என்று காட்ட வேண்டியிருந்தது. அவருடைய குறிப்பிட்ட கேள்வியை அதிகம் பேர் தொடாமல் விட்டிருந்தது அதிர்ஷ்டம். வேறு விண்மீன்களைச் சுற்றியும் தூசித் தட்டுகள் கண்டுபிடிக்கப்பட்டிருந்ததால் அந்தப் பொருளுக்குப் புது மவுசும் வந்திருந்தது.

பழைய வாழ்க்கை ஆய்வுக்குக் கைகொடுக்கும் என்பதற்குத் தமிழிலேயே பெரிய சான்று தனிநாயகம் அடிகள். 1913-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ரோமில் இறையியல் படித்துக் குருவானவர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழை முறையாகப் படிக்கத் தொடங்கினார். முப்பதைத் தாண்டிய பிறகு, 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளில் ஆய்வு செய்தார். ரோமில் கற்றிருந்த இலத்தீனும் மேலை இலக்கியமும் அங்கே பயன்பட்டன. திணை மரபை மற்ற செவ்வியல் இலக்கியங்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவரால் முடிந்தது. பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழர் கல்வி பற்றி முனைவர் பட்டம் பெற்றார். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்கவும் முன்னின்றவர் அவரே.

இன்று இந்தியாவில் வேலையில் இருந்துகொண்டே இந்த வழியில் போக முடியுமா? முடியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வை அனுமதிக்கின்றன. அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க முடியும் என்பதும், தேவைப்பட்டால் பாடவகுப்புகளுக்காகப் பணியிலிருந்து விடுவிப்பார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். தொலைநிலைக் கல்வியிலோ இணையவழியிலோ முனைவர் பட்டம் கிடையாது. அப்படி விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம்.

ஆய்வுக்காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள், பொதுவாக அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் சலுகை உண்டு. பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் படிப்புக்குத் திரும்பும் பெண்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

இன்னொரு வேடிக்கை: மாணவருக்கு இந்த விதிகள் வயது வரம்பு வைக்கவில்லை, நெறியாளருக்குத்தான் வைத்திருக்கின்றன. ஓய்வுபெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ள பேராசிரியர் புதிய ஆய்வு மாணவர்களை எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘கைடு’ தேடும்போது அவருடைய புலமையோடு மீதமுள்ள பணிக்காலத்தையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

சேர்வதற்கு முன் செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மனதில் உள்ள தலைப்பை ஒட்டிய நான்கைந்து ஆய்வேடுகளையாவது படித்துப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு ஏற்கெனவே விடை சொல்லப்பட்டிருந்தால், விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேள்வியை மாற்றிக்கொள்ளலாம்.