பதறாத மனமும் பறிபோகும் பணமும்

சித்திரைப் புத்தாண்டு நெருங்கிவிட்டால் நம் அலவத்துகொடவிலே சீட்டுக் கட்டுகளுக்குப் புத்துயிர் வந்துவிடுகிறது. சிங்கள அயலவர் வீட்டு முற்றத்திலே நால்வர் பாய் விரித்து ‘ஓமி’ ஆடுவர். சற்றுத் தள்ளிச் சோகி உருட்டிப் ‘பஞ்சி’ ஆடுவோரின் ஆரவாரம் கேட்கும். தோட்டத்து லயங்களின் இஸ்தோப்புகளிலோ பகல் முழுவதும் ரம்மி நடைபெறும். மரண வீடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உள்ளே பிரேதம் கிடத்தப்பட்டிருக்க, வெளியே கொட்டகையின் கீழ், இரவு விழிப்பதற்கென்று தொடங்கிய ஆட்டம் விடியும் வரையில் நீளும். ஹாரத, ருயித, கலாபர, இஸ்கோப்ப என்று சிங்கள நண்பர்கள் சீட்டின் நான்கு இனங்களையும் அழைக்கிறார்கள். அவை யாவும் ஒல்லாந்தரின் சொற்கள். கரையோரத்தை ஆண்ட அவர்கள் 1796இல் அகன்றார்கள். அவர்களது சொற்களோ அவர்கள் ஆளாத மலைநாட்டிலும் நிலைத்துவிட்டன.

பொழுதுபோக்காக ஆடுவோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. காசு வைத்து ஆடுவோரைப் பற்றியே இங்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நம்மிடம் முன்னர் கணிதம் பயின்ற இளைஞரொருவர் பஸ் தரிப்பிடத்திலே நம்மைக் கண்டு ஒரு கேள்வி கேட்டார். “சேர், சீட்டு விளையாடும்போது மனச ஒரே நிலையில வச்சிருக்க என்ன வழி?” இரண்டு மாதச் சம்பளத்தை அவர் இழந்திருந்தார் என்பது பின்னர் பேச்சிலே தெரிய வந்தது. ஆட்டத்தை விடுவதெப்படி என்று அவர் கேட்கவில்லை. தமது ஆட்டத்திலே குறையில்லை, பதற்றத்திலேதான் குறை, அப்பதற்றம் நீங்கினால் இழந்த பணம் திரும்பிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. இந்நம்பிக்கை அவருக்கு மட்டும் உரியதன்று. உலகப் புகழ் பெற்ற மேதை ஒருவரும் இதையே நம்பியிருந்தார்.

ருஷிய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி 1863ஆம் ஆண்டிலே ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரத்துச் சூதாட்ட மண்டபத்திற்குச் சென்றார். அவர் ஆடியது சீட்டன்று, சுழற்சக்கரம். முதலிலே பெருந்தொகை வென்றார். வென்ற கையோடு உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். சூதிலே வெல்லும் இரகசியம் தமக்குத் தெரிந்துவிட்டதென்றும், அது மிக எளிதென்றும், ஒவ்வொரு கணமும் தன்னை அடக்கிக்கொண்டு உணர்ச்சிவசப்படாமல் இருப்பதே அதுவென்றும் அக்கடிதத்திலே குறிப்பிட்டார். பின்னர் அவர் போய்ச் சேர்ந்த பாடன்-பாடன் நகரத்திலே வென்றதையும் இழந்து, கையிலிருந்ததையும் இழந்து, பணம் அனுப்புமாறு வீட்டாருக்கு எழுத நேர்ந்தது. 1866இல் கடன் நெருக்கடியின் நடுவே ‘சூதாடி’ என்னும் நாவலை 26 நாட்களிலே சொல்லி முடித்தார். அதனைச் சுருக்கெழுத்திலே எழுதிக்கொண்ட அன்னா என்ற இளம் பெண்ணையே மறு ஆண்டு மணந்தார். மணந்த அவ்வாண்டிலேயே அப்பெண்ணின் காதணியும் திருமண மோதிரமும் அடகுக் கடைக்குப் போயின. அவர் சூதைக் கைவிட்டது 1871இல். இரகசியம் தெரிந்த பின்பும் எட்டு ஆண்டுகள்!

மனித மனத்தின் ஆழங்களை அவரைப் போல் அறிந்தவர் வேறு யார்? அவருக்கே கைகூடாத மன அடக்கம் நம் இளைஞருக்குக் கைகூடுமா என்று கேட்பது ஒரு வகை. அதனினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கைகூடியிருந்தாலும் அவர் வென்றிருப்பாரா? சக்கரத்திலே உருளும் குண்டுக்கு அவர் முகம் சிவந்திருக்கிறதா, வெளிறியிருக்கிறதா என்பது தெரியுமா?

இவ்விடத்திலே ஆட்டங்களுக்குள் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் அவசியம். தமிழ்நாட்டிலே மங்காத்தா என்றும் உள்ளே-வெளியே என்றும் சொல்லப்படும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சீட்டை விரித்து வைத்துவிட்டு, ஏனையவற்றை இரு பக்கமும் மாறி மாறிப் போடுகிறார்கள். அதே எண்ணுடைய சீட்டு எப்பக்கம் விழுகிறதோ அப்பக்கம் பணம் வைத்தவருக்கு வெற்றி. எஞ்சிய 51 சீட்டுகளிலே பொருந்துவன மூன்றே. கணக்கிட்டுப் பார்த்தால், முதலிற் சீட்டு விழும் பக்கத்திற்கு நூற்றுக்கு ஏறக்குறைய 51½ பங்கும், மறுபக்கத்திற்கு 48½ பங்கும் வாய்ப்பு உண்டு. அவ்வளவுதான். இமயமலைச் சாரலிலே தவம் செய்து திரும்பிய முனிவரொருவர் வந்து அமர்ந்தாலும் இந்த எண்கள் அசையமாட்டா.

முந்நூற்றுநான்கு என்னும் ஆட்டமோ வேறு ஜாதி. யாழ்ப்பாணத்து நண்பர்கள் கூடுமிடமெல்லாம் இது இருக்கும். சீட்டுகள் 32. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76 ஆக, நான்கு இனங்களுக்கும் 304. முதல் நான்கு சீட்டுகளைக் கண்ட மாத்திரத்திலே கேள்வி கேட்க வேண்டும்; மிகுதி நான்கும் எப்படி வருமோ யாருக்குத் தெரியும்? கேட்டவர் தமது துரும்பைக் கவிழ்த்து வைக்கிறார். எதிரே இருக்கும் கூட்டாளிக்குக்கூடக் கண்ணாலே ஜாடை காட்டலாகாது. இங்கே மனம் பதறுகிறவர் தோற்பார் என்பதிலே ஐயமில்லை. அவருடைய பெருமூச்சே துரும்பு இன்னதென்று எதிராளிக்குச் சொல்லிவிடும். விழுந்த சீட்டுகளை நினைவிலே வைத்திருக்கவும் அமைதி வேண்டும். ஆகவே, மனவடக்கத்தால் சீட்டாட்டத்திலே பயனுண்டு என்று சொல்வோர் முற்றிலும் பொய் சொல்கிறார்களல்லர். எந்த ஆட்டத்திலே பயனுண்டு என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது. தருமரைப் போன்ற பொறுமைசாலியைப் பாரதத்திலே காண இயலாது. சபை நடுவே நாட்டையும் தம்பியரையும் தம்மையும் மனைவியையும் இழந்தபோதும் அவர் குரல் உயரவில்லை. அந்த அமைதி சகுனியின் காயை ஒரு மயிரிழையும் நகர்த்தவில்லை. யாவும் மீண்ட பின்னர், மறுசூதுக்கு அழைப்பு வந்தபோது அதே அமைதியோடு திரும்பிச் சென்று அமர்ந்தார். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு மறைந்த வாழ்வும் அதன் விளைவு.

நளன் கதையிலோ புதுமையான ஒரு செய்தி உண்டு. புட்கரனிடம் நாடிழந்து, காடேகி, உருமாறி, இருதுபன்னன் என்னும் அரசனுக்குத் தேரோட்டியாக நளன் இருக்கிறான். வழியிலே தான்றி மரம் ஒன்றைக் கண்ட அரசன், எண்ணாமலே அதன் தொகையைச் சொல்லிவிடுகிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்க, அது சரியாக இருக்கிறது. அரசனுக்கு அசுவ வித்தையைக் கொடுத்து, அவனிடமிருந்து எண்ணும் வித்தையையும் சூதின் நுட்பத்தையும் நளன் பெறுகிறான். உடனே அவனைப் பற்றியிருந்த கலி விலகுகிறது. பண்டைக் காலத்திலே சூதுக்காயாக உருட்டப்பட்டது தான்றிக்காயே என்பதையும் வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். கலி நீங்கிய பின் நளனுக்குக் கணக்கு வரவில்லை. கணக்கு வந்த பின்னரே கலி நீங்கியது. கணிதம் கற்பிக்கும் நமக்கு இக்கதையிலே தனிப்பட்ட ஒரு பெருமையும் உண்டு என்பதை மறைப்பானேன்?

ஆதலால் நாமும் சற்று எண்ணிப் பார்ப்போம். ஐவர் ஆளுக்கு 2,000 ரூபாவுடன் அமர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேசையிலே 10,000 ரூபா. இடம் கொடுத்தவர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 50 ரூபா எடுத்துக்கொள்கிறார். மணிக்கு இருபது ஆட்டம். ஐந்து மணி நேரத்திலே 5,000 ரூபா, அஃதாவது ஐவரின் பணத்திலே சரிபாதி, மேசையை விட்டுப் போய்விடுகிறது. ஐவரும் பதறினாலும் அவ்வளவே; ஐவரும் கற்சிலைகளாக இருந்தாலும் அவ்வளவே.

நிற்க. எந்த உணர்ச்சி ஆடுகிறவனைக் கெடுக்கிறது? பேராசை என்று உடனே சொல்லிவிடுவோம். நாம் கண்ட அளவிலே பேராசைக்காரர் சிலரே. பெரும்பாலோருக்குத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பினால் போதும். ‘விட்டதைப் பிடித்துவிட்டால் எழுந்துவிடுவேன்’ என்பதே அவர்கள் மந்திரம். இலாப ஆசைக்கு ஓர் எல்லையில் அலுப்பு வரும். விட்டதைப் பிடிக்கும் ஆசைக்கு அலுப்பே இல்லை. கானெமான், டிவெர்ஸ்கி என்னும் உளவியலறிஞர் இருவர் 1979இலே வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலே இதனை விளக்கினார்கள். ஒரு தொகையைப் பெறுவதால் வரும் மகிழ்ச்சியினும் அதே தொகையை இழப்பதால் வரும் துயரம் பெரிது. நட்டத்தோடு சமாதானம் செய்துகொள்ளாத மனிதன், மற்ற வேளைகளில் ஏறிட்டும் பாராத பந்தயங்களை ஏற்றுக்கொள்கிறான். குதிரைப் பந்தயத்திலே நாளின் இறுதி நேரத்தில், வெல்ல வாய்ப்பற்ற குதிரைகளின் மீது பணம் கட்டுவோர் பெருகுவதையும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். நம் பட்டணங்களின் ரேஸ் புக்கிக் கடைகளிலே மாலை வேளையில் நிற்போரின் முகங்களைப் பார்த்தவர்களுக்கு இதற்குச் சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த மரியா கொன்னிகோவா என்னும் உளவியற் பட்டதாரி, போக்கர் ஆட்டத்தை அடிப்படையிலிருந்து கற்று, 2018இல் ஒரு போட்டியிலே 84,600 டொலர் வென்றார். எந்தச் சந்தர்ப்பத்திலே தம் மனம் தடுமாறுகிறதென்று பட்டியலிட்டு, தேர்ந்த ஆசிரியர்களிடம் பயின்றவர் அவர். இரண்டு மாதச் சம்பளத்தை இழந்த மறுநாள் இரவு, அதை மீட்க அமர்கிறவருக்கு அவருடைய வழி பயன்படாது.

நம் அயலிலே இளைப்பாறிய கணக்கப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். கூட்டாளிகளோடு சிறு தொகை வைத்து ரம்மி ஆடுவார். ஐந்நூறு ரூபாவுக்கு மேல் கொண்டு போகமாட்டார். எவ்வளவு தோற்றாலும் அவர் முகம் மாறக் கண்டவரில்லை. காரணம் கேட்டோம். “மாஸ்டர், அது வீட்ட விட்டு வெளிக்கிடுறப்பவே தோத்துப்போன காசு. தோத்த காசுக்கு யாராவது ரெண்டு தரம் அழுவாங்களா?” என்றார். ரம்மியிலே கை மோசமாக வந்தால் முதலிலேயே விலகிவிடுவார். அதற்கு 20 புள்ளி; இடையிலே விலகினால் 40; இறுதிவரை இருந்து அகப்பட்டால் 80 வரை ஏறும். இருபதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்பதிலேதான் பலருக்கு மனம் இடங்கொடுப்பதில்லை. அவருடைய அடக்கம் ஆட்டத்தின் நடுவே பிறந்ததன்று, வாசற்படியிலேயே முடிவு செய்யப்பட்டது. சூடேறிய பின் எல்லை வகுப்பது, வெள்ளம் வந்த பின் அணை கட்டுவது போன்றதே.

சீட்டு என்னும் ஒரு சொல்லுக்கு நம் வீடுகளிலே இரண்டு பொருள் உண்டு. பெண்கள் மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்ப்பதும் சீட்டு. ஆண்கள் ஓரிரவிலே கலைப்பதும் சீட்டு. முன்னது பின்னதற்குள் போய் மறைந்த வீடுகள் தோட்டங்களிலும் உண்டு, உத்தியோகத்தர் குடியிருப்புகளிலும் உண்டு. அத்தகைய வீடுகளிலே பணம் போனதினும் அது மறைக்கப்பட்டதே பெரிய கேட்டை விளைக்கிறது. மறைக்கிறவர், தெரியவருமுன்னே விட்டதைப் பிடித்துவிட வேண்டும் என்று மீண்டும் போகிறார். அம்மாமாரும் மனைவிமாரும் கேட்கும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக் கேட்டால் உண்மை விரைவிலே வெளிவரும் என்பது நம் அபிப்பிராயம். ‘எவ்வளவு போச்சு?’ என்னும் கேள்வியை விட, ‘யார் யாருக்கு இன்னும் குடுக்கணும்?’ என்னும் கேள்விக்கு விடை எளிதாக வரும்.

பொது இடத்திலும் சூதாட்ட விடுதியிலும் நடக்கும் சூதை 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே இந்நாட்டிலே தடை செய்தது. இன்று சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத விடுதியொன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. கைத்தொலைபேசி வழியே பணம் வைத்து ஆடுவதை இந்திய மத்திய அரசு 2025இலே சட்டமியற்றித் தடுத்தது. தொலைபேசியிலே எதிராளியின் முகமுமில்லை, விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லும் வீட்டுக்காரருமில்லை. விட்டதைப் பிடிக்க மீண்டும் மீண்டும் வருவதை மருத்துவர்கள் நோயின் அறிகுறிகளிலே ஒன்றாகவே கொள்கிறார்கள். அந்நிலையை அடைந்தவருக்குப் புத்திமதி போதாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கத்துக்குப் பேசலாம், அல்லது பெரியாஸ்பத்திரி மனநல மருத்துவரைக் காணலாம். இந்த இலக்கத்தையும், இடம் கொடுப்பவரின் ஐம்பது ரூபாக் கணக்கையும் அவ்விளைஞருக்கு ஒரு தாளிலே எழுதிக் கொடுத்தோம்.

நம் வீட்டிலே புத்தாண்டுக்கு முந்நூற்றுநான்கு உண்டு. பந்தயம் புளியங்கொட்டை. கணக்கப்பிள்ளையும் வருவார். ஐந்நூறு ரூபா போனபோது அசையாத அம்மனிதர், சென்ற முறை ஏழு புளியங்கொட்டைகளை இழந்துவிட்டுக் கூட்டாளியாக இருந்த நம் மனைவியாரோடு அரைமணி நேரம் சண்டையிட்டார். அயல் வீட்டார் எட்டிப் பார்க்கும்படியாயிற்று.