பங்கு உண்டு, ஈவு இல்லை: ஓர் அமெரிக்க விளையாட்டுக் குழுவின் வரலாறு

கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டவுடன் நூலும் பாவும், விதையும் உரமும், கடனும் தவணையுமே நம் நினைவிற்கு வருகின்றன. விளையாட்டு நினைவிற்கு வருவதில்லை. ஆயினும், பல லட்சம் மக்கள் பங்குத் தொகை செலுத்தி, நூறாண்டுகளுக்கு மேலாக ஒரு விளையாட்டுக் குழுவைத் தம் பொதுச் சொத்தாகக் காத்து வருகின்றனர் என்றால், அதன் விதிகளையும் கணக்குகளையும் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நம் அங்கத்தினர்களுக்குப் பயன் தரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே நகரின் ‘பாக்கர்ஸ்’ குழுவைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம்.

அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்து இரு முனையும் கூம்பிய வடிவினது. பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். முன்னோக்கி எறியவும் செய்யலாம். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமேனும் முன்னேற வேண்டும். இயலாவிடில் பந்து எதிர்க்கட்சியைச் சேரும். இவ்விளையாட்டின் தேசியச் சம்மேளனத்தில் இன்று 32 குழுக்கள் உள்ளன. அவற்றுள் 31 குழுக்கள் பெருஞ்செல்வர்களின் உடைமை. எஞ்சிய ஒன்றே கிரீன் பே. 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரின் மக்கள்தொகை ஏறக்குறைய 1,07,000 மட்டுமே. நியூயார்க், சிகாகோ போன்ற மாநகரங்களின் குழுக்களுக்கு எதிரே இச்சிறு நகரின் குழு நிலைத்து நிற்பது எவ்வாறு என்பதே நம் ஆராய்ச்சி.

ஐந்து டாலர்ப் பங்கு

1919 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கர்லி லாம்போ என்ற இளைஞரும், ஜார்ஜ் விட்னி கால்ஹூன் என்ற பத்திரிகையாளரும் இக்குழுவைத் தோற்றுவித்தனர். லாம்போ வேலை பார்த்து வந்த ‘இந்தியன் பாக்கிங் கம்பெனி’ உடைகளுக்குப் பணம் உதவியது. (இங்கு ‘இந்தியன்’ என்பது நம் நாட்டைக் குறிப்பதன்று.) அது இறைச்சியைத் தகரக் குப்பிகளில் அடைத்து விற்ற கம்பெனி, அத்தொழிலின் பெயரே குழுவிற்கும் பெயராயிற்று. 1921 இல் குழு சம்மேளனத்தில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே மழையினால் வசூல் குறைந்து கடன் ஏறியது.

அப்போது உள்ளூர்ப் பத்திரிகை அதிபர் ஆண்ட்ரு டர்ன்புல் முதலிய பெரியோர் கூடி ஒரு வழி கண்டனர். 1923 இல், தலைக்கு 5 டாலர் வீதம் 1,000 பங்குகள் ஊராரிடம் விற்கப்பட்டன. லாப நோக்கமற்ற நிறுவனமாகக் குழு பதிவாயிற்று. பங்குக்கு ஈவு இல்லை. நிறுவனம் கலைக்கப்பட நேர்ந்தால், சொத்து முழுவதும் முன்னாள் போர்வீரர் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குச் சேரும் என்று விதி வகுக்கப்பட்டது.

இக்கலைப்பு விதியை நம் அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். குழுவை விற்றாலும், வேறு ஊருக்குப் பெயர்த்தாலும் எந்தப் பங்குதாரருக்கும் ஒரு காசும் மிஞ்சாது. ஆகவே விற்கும் ஆசையே எழ வழியில்லை. 1997 இல் சொத்து சேருமிடம் குழுவின் தரும நிதி என்று மாற்றப்பட்டது, அடிப்படை மாறவில்லை.

இரு நெருக்கடிகள்

1931 இல் பார்வையாளர் ஒருவர் ஆட்ட மைதானத்து இருக்கை வரிசையிலிருந்து விழுந்து காயமுற்று வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அவருக்கு 5,000 டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியோ முறிந்துபோயிருந்தது. அக்காலத்தில் மூன்று முறை தொடர்ந்து சாம்பியன் பட்டம் (1929, 1930, 1931) வென்றிருந்த குழு ரிசீவர் வசமாயிற்று. களத்தில் பெறும் வெற்றி வேறு, கணக்கில் உள்ள நிலை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1935 இல் ஊரார் 15,000 டாலர் திரட்டிக் குழுவை மீட்டனர்.

இரண்டாவது நெருக்கடி உலகப் போருக்குப் பின் வந்தது. 1950 இல் 25 டாலர்ப் பங்குகள் விற்று 1,18,000 டாலருக்கு மேல் சேர்த்தனர். ஒருவர் 200 பங்குகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற உச்சவரம்பு அப்போது விதிக்கப்பட்டது. ஒரு செல்வர் குழுவைக் கைப்பற்ற முடியாதபடி கதவு அன்றே அடைக்கப்பட்டது.

1957 இல் 9,60,000 டாலர் செலவில் புதிய அரங்கம் எழுந்தது. செலவை நகரமும் குழுவும் சரிபாதியாக ஏற்றன. அவ்வரங்கமே 1965 முதல் ‘லாம்போ பீல்டு’ எனப் பெயர் பெற்றது. 1958 இல் ஒரே ஒரு ஆட்டம் வென்று கடைநிலை எய்திய குழுவை, 1959 இல் பயிற்சியாளராக வந்த வின்ஸ் லொம்பார்டி ஒன்பது ஆண்டுகளில் ஐந்து முறை சாம்பியன் ஆக்கினார். 1967 டிசம்பர் 31 அன்று, உறைநிலைக்குக் கீழ் 25 டிகிரி செல்சியஸ் குளிரில் டல்லஸ் குழுவை 21–17 என வென்ற ஆட்டத்தை அந்நாட்டார் இன்றும் நினைவுகூர்கின்றனர். சம்மேளனத்தின் தலையாய கோப்பைக்கு லொம்பார்டியின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. இதுவரை கிரீன் பே பெற்ற சாம்பியன் பட்டங்கள் 13. வேறெக்குழுவும் இத்தனை பெற்றதில்லை.

சம்மேளனத்தின் சமபங்கு

ஊராரின் பற்று மட்டும் போதுமா? போதாது என்பதே நம் கருத்து. டெலிவிஷன் வந்தபின், மாநகரக் குழுக்கள் தனித்தனியே ஒளிபரப்பு உரிமையை விற்றிருப்பின் கிரீன் பே தேய்ந்து மறைந்திருக்கும். சம்மேளனத் தலைவர் பீட் ரோசெல் எல்லாக் குழுக்களின் உரிமையையும் ஒன்றாக விற்றுச் சமமாகப் பங்கிடும் திட்டத்தை வகுத்தார். 1961 இல் அமெரிக்க அரசு அதற்கு இடமளிக்கும் சட்டம் இயற்றியது. நியூயார்க், சிகாகோ குழுக்களின் உரிமையாளர்களும் இசைந்தனர். 1962 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 46,50,000 டாலர் 14 குழுக்களுக்குப் பங்காயிற்று. 2025 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில், இத்தகைய பொது வருமானத்திலிருந்து கிரீன் பே பெற்ற பங்கு 43 கோடி டாலருக்கு மேல். அதன் மொத்த வருமானத்தில் இது பாதிக்கும் அதிகம். நுகத்தடி ஒன்றானால் சிறிய மாடும் பெரிய மாட்டோடு உழும் என்பதற்கு இது சான்று.

குறைகளும் உண்டு

இது முழுமையான கூட்டுறவுச் சங்கம் என்று கூறிவிடலாகாது. ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ என்ற நம் நெறி அங்கில்லை. வாக்கு பங்கின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 1997 இல் புதுப் பங்குகள் விற்குமுன் பழைய பங்கு ஒவ்வொன்றும் 1,000 பங்குகளாகப் பெருக்கப்பட்டது. எனவே, பின்னர் 200, 250, 300 டாலர் கொடுத்து வாங்கியோரின் குரல் மிகச் சிறிது. 2022 இல் முடிந்த ஆறாவது விற்பனைக்குப் பின் பங்குதாரர் தொகை ஏறக்குறைய 5,38,000 ஆயிற்று. அவர்கள் டைரக்டர்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஆட்டக்காரரையோ பயிற்சியாளரையோ நியமிப்பதில் அவர்களுக்கு இடமில்லை. பங்கை விற்று லாபம் காணவும் முடியாது. உறவினருக்கு மாற்றித் தரலாம். சம்மேளன விதியோ இத்தகைய பொது உடைமைக் குழு இனியொன்று தோன்ற இடமளிப்பதில்லை. கிரீன் பே மட்டும் பழமை கருதி விடப்பட்டுள்ளது.

எனினும் ஒரு சிறப்பை மறுக்க இயலாது. ஆண்டுதோறும் ஜூலை மாதம் அரங்கத்திலேயே மகாசபை கூடுகிறது. வரவு செலவு பகிரங்கமாக வெளியிடப்படுகிறது. மற்ற 31 குழுக்களின் கணக்கைப் பொதுமக்கள் அவ்வாறு காண இயலாது.

2025 ஆம் ஆண்டுப் பருவம்

2025 ஜூலையில் எட் பாலிசி தலைவர் பொறுப்பேற்றார். ஆகஸ்டு இறுதியில் டல்லஸ் குழுவின் தற்காப்பு வீரர் மைக்கா பார்சன்ஸ் வரவழைக்கப்பட்டார். நான்கு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் 18 கோடியே 80 லட்சம் டாலர். பணம் கொட்டத் தனி முதலாளி இல்லாத குழு இவ்வாறு துணிய முடிந்தது, 50 கோடி டாலருக்கு மேற்பட்ட சேமநிதி பின்னிற்பதால் எனலாம்.

டெட்ராய்ட், வாஷிங்டன் குழுக்களை வென்று பருவம் நன்கு தொடங்கியது. செப்டம்பர் 28 அன்று டல்லஸுடன் ஆடிய ஆட்டம் 40–40 எனச் சமமாயிற்று. டிசம்பர் முற்பகுதியில் 9 வெற்றி, 3 தோல்வி, 1 சமன் என்ற நல்ல நிலை. டிசம்பர் 14 அன்று டென்வரில் பார்சன்ஸின் முழங்கால் தசைநார் அறுந்தது. அன்றைய ஆட்டமும் அடுத்த மூன்றும் தோல்வி. எனினும் இறுதிச் சுற்றுகளில் இடம் கிடைத்தது. 2026 ஜனவரி 10 அன்று, பழம்பெரும் எதிரியாகிய சிகாகோவுடன் பாதி ஆட்டத்தில் 21–3 என முன்னின்ற குழு, முடிவில் 31–27 எனத் தோற்றது.

தனியார் குழுவாயின், தொடர்ந்த தோல்வியும் குறைந்த லாபமும் ஊர் மாறும் பேச்சைக் கிளப்பும். பால்டிமோர், கிளீவ்லாந்து, ஓக்லாந்து நகரங்கள் அவ்வாறு தம் குழுக்களை இழந்ததுண்டு. கிரீன் பேயில் அந்த அச்சமில்லை. தோல்வி ஒரு பருவத்தோடு போகும், குழு போகாது.

பங்கு உச்சவரம்பு, கலைப்பு விதி, சேமநிதி, சம்மேளனத்தின் சமபங்கு ஆகிய நான்குமே அச்சிறு நகரின் அரண்கள். நம் துணை விதிகளிலும் இவற்றை ஒத்த பிரிவுகள் உண்டு. அவற்றை ஏட்டுச் சுரைக்காயாக விடாது, அடுத்த மகாசபைக்கு முன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒருமுறை படித்து வருவாராக.