பொறியின் வயிற்றில் இருப்பது

கொங்குவேளிரின் பெருங்கதையிலே ஓர் எந்திர யானை வருகின்றது. யாழ்வல்ல உதயணன் அதனை மெய்யான வேழமென மயங்கி அணுகினான். உள்ளே மறைந்திருந்த வீரர் வெளிப்பட்டு அவனைச் சிறைப்பிடித்தனர். இப்பகுதியைப் பாடஞ் சொல்லுந்தோறும் மாணவர் யானையை வியப்பர். யானோ அதன் வயிற்றையே நினைப்பேன்.

எங்கள் கட்டைபறிச்சான் மூதூருக்கு அருகே, கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே உள்ளது. அக்கரையிலே, திருகோணமலைத் துறைமுகப் பகுதியில், மாவு ஆலையும் சீமெந்து ஆலையும் நிற்கின்றன. இக்காலத்துப் பேராலைகளில் எவ்வாயில் திறப்பது, எவ்வுருளை சுழல்வது என்பவற்றைப் பெரும்பாலும் ஒரு சிறு பெட்டகத்துள் எழுதிவைத்த கட்டளைக் கோவையே விதிக்கின்றது. மென்பொருள் என்பது அதுவே. 1960களின் இறுதியில், அமெரிக்க மோட்டார் வண்டித் தொழிலுக்கென டிக் மோர்லி என்பாரும் அவர் குழுவினரும் ஆக்கிய கருவி இப்பெட்டகங்களுக்கு மூதாதை. அதற்குமுன் வண்டியின் அமைப்பு மாறுந்தோறும் சுவர் நிறைந்த கம்பிகளைப் பிரித்துப் பிணைக்க வேண்டியிருந்தது. அதன்பின் எழுத்தை மாற்றினாற் போதும் என்றாயிற்று.

கண்ணுக்குப் புலனாகாத இக்கட்டளையைச் சிற்பத்திற் காட்டுதல் கூடுமோ? சீனத்துக் கலைஞர் சுன் யுவானும் பெங் யூவும் 2016இல் நியூயோர்க் குகன்ஹைம் நூதனசாலைக்காக அதனைச் செய்தனர். ஜேர்மனியக் கூக்கா நிறுவனத்தின் தொழிற்சாலைக் கை ஒன்றைப் பளிங்குபோல் தெளிந்த சுவர்களுக்கிடையே நிறுத்தினர். அதனைச் சூழச் செங்குருதி போன்ற கூழ் பரவும், மேலிருந்து நோக்கும் உணரிகள் அறிவிக்கக் கை விரைந்து வழித்து அள்ளும், மறுபடியும் பரவும். இடையிடையே உடல் சொறிவது போலவும் வணங்கிக் குலுங்குவது போலவும் ஆடும். இவ்வாறு 32 அசைவுகளை அதற்கு எழுதி வைத்தனர். ‘என்னைத் தடுக்க என்னால் ஆகாது’ என நாம் பொருள் கொள்ளத்தகும் பெயரையும் சூட்டினர்.

2019இல் வெனிஸ் நகரத்து ஈராண்டுக் கலைவிழாவிலும் அது வைக்கப்பட்டது. பின்னர் இணையத்திலே பலர், ‘அதன் உயிர்நீர் ஒழுகுகின்றது, அந்தோ, தன்னைக் காக்கத் துடிக்கின்றது’ என்று கண்ணீர் சொரிந்தனர். ஒழுகியது நிறமூட்டிக் கூழாக்கிய நீரே. கையை இயக்கியதோ மின்சாரம். இரங்கியதைக் குறை கூறேன். ஆயினும் அவ்விரக்கம் கையோடு நின்றுவிட்டதன்றோ! ஓயாது வழிக்குமாறு எழுதியவர் எவர் என்று கேட்டவர் சிலரே.

எங்களூர்ப் பிள்ளைகளும் வேலை தேடி அக்கரைக்குப் போகின்றவர்கள். மூட்டை சுமந்த காலத்தில், சுமை மிகுந்தால் கங்காணியோடு வழக்காட இடமிருந்தது. வேகத்தையும் ஓய்வையும் பெட்டகம் விதிக்குமிடத்தில் எவரோடு வழக்காடுவது? அதனை எழுதியவன் வேறொரு நாட்டில் இருப்பான். எழுதுவித்தவன் வேறோர் இடத்தில் இருப்பான்.

பெருங்கதையோடு சிந்தாமணியையும் என் மாணவருக்குச் சேர்த்துச் சொல்வதுண்டு. அங்கே விசயை மயிற்பொறியில் வெறுமனே ஏறியிருந்தவள் அல்லள். வலந்திருகினால் எழும், இடந்திருகினால் இறங்கும் என்பதை அவள் முன்னரே பயின்றிருந்தாள்.